வெள்ளி ரூபாய் அசலா? தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள்

விக்டோரியா ராணி ரூபாய் வாங்கும்போது தயவுசெய்து காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி; உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) எதிலும் காந்தம் ஒட்டாது. அடர்த்தி பார்ப்பதுதான் சரி.

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் காசை எடை போடுங்கள், தேயாதது 11.66 கிராம். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்ஜியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படவே கூடாது. இப்போது காட்டும் எடையால் முதல் எடையை வகுங்கள், வருவதுதான் அடர்த்தி. 91.7% வெள்ளி என்றால் தண்ணீரில் 1.13 கிராம் காட்டும், அடர்த்தி சுமார் 10.3. ஜெர்மன் சில்வர் 9-ஐக்கூடத் தொடாது.

விளிம்புக் கோடுகளில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல காசும் போலியாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் குமிழி நிற்காது.

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், 9.5 வந்தால் பதறாதீர்கள். 1947 ரூபாய் நிக்கல், அதைக் காந்தம் இழுக்கத்தான் செய்யும்.

வெள்ளியிலேயே வார்த்த போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும்: ராணியின் கன்னத்திலும் எழுத்தோரங்களிலும் குண்டூசி முனை அளவு குழிகள் தெரிந்தால், வாங்காதீர்கள்.