கல்லுக்குள் ஓடும் வரிகள்: கம்பாத்தில் ஒரு பகல்

கீழடியில் கிடைத்த அகேட் (வரி வரியாக நிறம் ஓடும் கல்), சூதுபவள மணிகளின் படங்களைப் பார்த்த நாளிலிருந்தே, இந்தக் கற்களில் மணி செய்யும் ஊரான குஜராத்தின் கம்பாத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. லோத்தலில் ஹரப்பா காலத்து மணிப் பட்டறை இருந்த இடத்தை முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் காலை கம்பாத்துக்கு பஸ் ஏறினேன். இங்கே அகேட்டை அகீக் என்கிறார்கள்.

பட்டறை என்றால் ஒரு வீட்டு முற்றம்தான். தரையில் கூரான இரும்புக் கம்பி ஒன்று சாய்வாக நட்டிருந்தது. பெரியவர் கல்லை அதன் முனையில் அணைத்துப் பிடித்து, மெல்லிய குச்சியில் செருகிய கொம்புச் சுத்தியால் தட்டினார். அடி விழுவது ஒரு பக்கம், சில்லு பெயர்வது கம்பி தொடும் மறுபக்கம்! இரும்புச் சுத்தி என்றால் கல் நொறுங்கிவிடுமாம். கொம்பு அடியின் வேகத்தைத் தணித்துக் கொடுக்கிறது. அரை மணி நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டை தீட்டாத அகேட் அழுக்கு உருளைக்கிழங்கு போலத்தான் இருக்கும். பெரியவர் உடைத்த துண்டைத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். பால் வெள்ளை, சாம்பல், தேன் நிறம் என்று மயிரிழை வரிகள் சட்டென்று எழுந்து வந்தன. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாறையின் குமிழிகளுக்குள் சிலிக்கா கலந்த நீர் கசிந்து, உட்சுவரில் படலம் படலமாகப் படிந்ததுதான் இந்த வரிகள்.

"எங்கே வெட்டுவது என்பதைக் கல்தான் சொல்லும், பென்" என்றார். 'பென்' என்றால் குஜராத்தியில் சகோதரி. அடுக்குகளுக்குக் குறுக்கே துளை போட்டால் மணியைச் சுற்றி வளையம் வளையமாக வரி ஓடும். அடுக்குகளின் மேல்முகத்தையே குமிழாகச் சீவினால் நடுவில் ஒரு கண் திறக்கும். ஒரே கல்லிலிருந்து இரண்டு வேறு நகைகள்! பதக்கம் செய்கிறவர்கள் கல்லை வாங்கும்போது நிறத்தைவிட இந்த வெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

மண்சட்டியில் இட்டுச் சூடேற்றினால் இரும்புச்சத்துள்ள வரிகள் சிவக்கின்றன. வெள்ளை அப்படியே நிற்கிறது. இது பழைய முறை, எனக்குப் பிடித்த முறையும்கூட. கடைகளில் மினுங்கும் அடர் நீலமும் ரோஜா நிறமும் பெரும்பாலும் சாயம். நுண்துளை மிகுந்த வரிகள் சாயத்தைக் குடிக்கும், இறுகிய வரிகள் குடிக்காது. சாயம் ஏற்றியதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பது ஏமாற்று.

கற்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் அகேட் 6.5 முதல் 7 வரை. அதனால் தினமும் அணியும் மோதிரத்துக்கும் தாங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உலர்ந்த சக்கரத்தில் தீட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்த நுரையீரல் நோய் இந்த ஊர்த் தொழிலாளர்களை நெடுங்காலமாகத் தின்றுவருகிறது. சக்கரத்தில் தண்ணீர் விட்டாலோ தூசியை உறிஞ்சும் கருவி வைத்தாலோ பெருமளவு குறையும். நான் போன வீட்டில் பெரியவரின் மகன் சக்கரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி டப்பா ஒன்று கட்டியிருந்தான். அந்த ஈரச் சக்கரத்தில் தீட்டிய, மூன்று வெள்ளை வரி ஓடும் மணியைத்தான் வாங்கி வந்தேன்.