கையெழுத்தான கச்சேரி ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்ட வழி

பச்சைத் தேயிலை விலை இறங்கினால் நீலகிரியில் ஸ்பான்சர் பணம் நின்றுவிடும், டிக்கெட்டும் நகராது. குன்னூரிலும் ஊட்டியிலும் கச்சேரி ஏற்பாடு செய்யும் நாங்கள், அப்படியொரு நேரத்தில் பாடகர் தரப்போடு பேசி ஒப்பந்தத்தைத் திருத்தினோம்.

பேச வேண்டியது இரண்டாம் தவணைக் கெடுவுக்கு முன்னால். கெடு தாண்டிவிட்டால் நாம் ஒப்பந்தத்தை மீறியவர்கள். நிகழ்ச்சிக்கு 45 நாள் இருக்கும்போதே, விற்ற டிக்கெட், வராமல் நிற்கும் ஸ்பான்சர் தொகை, கட்டியே தீர வேண்டிய செலவு மூன்றையும் ஒரே தாளில் எழுதி மேனேஜருக்கு அனுப்பினோம்.

விற்பனை இல்லை என்பதற்காகச் சட்டம் கைகொடுக்காது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, செய்யவே முடியாமல் போன காரியத்துக்கானது. செலவு கூடிவிட்டது என்பது மட்டும் அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் மின் நிலைய வழக்கில் சொல்லிவிட்டது. நமக்கு உதவுவது 62, 63 பிரிவுகள்: இருதரப்பும் சம்மதித்தால் ஷரத்தை மாற்றலாம்; பணம் வாங்க வேண்டியவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம், கெடுவை நீட்டலாம்.

“சார், ரேட்டைக் குறைச்சா அடுத்த ஊர்லயும் அதையே கேப்பாங்க” என்பார்கள் பாடகர் தரப்பில். நியாயமான பயம். அதனால் ரேட்டில் கை வைக்காமல், பணம் வரும் விதத்தை மாற்றச் சொன்னோம். 4 லட்சம் பேசியிருந்தால், 1 லட்சம் அட்வான்ஸையும் சேர்த்து 2.5 லட்சம் உறுதி. மண்டபம், சவுண்ட், தங்குமிடச் செலவையும் இந்த 2.5 லட்சத்தையும் கழித்து மிஞ்சும் வசூலில் பாதி அவர்களுக்கு. மேல்வரம்பு வைக்கவில்லை. வைத்தால் அவர்கள் இறங்கி வரக் காரணமே இருக்காது.

தகராறு வெடிப்பது ‘வசூல்’ என்ற சொல்லில்தான். ஜிஎஸ்டியும் ஆன்லைன் டிக்கெட் கமிஷனும் போன பிறகா, முன்பா? இலவச பாஸ் எத்தனை? இதையெல்லாம் எண்ணோடு எழுத வேண்டும். டிக்கெட் 500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம். வரி உட்பட 600 என்று விற்றால் கையில் நிற்பது 508 சொச்சம். 499-க்கு விற்றால் வரி இல்லை, முழுதும் நமக்கு. அப்படி வரியில்லாமல் விற்றால் சவுண்ட் பில்லில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தே விலை வையுங்கள். மலையில் அந்த 101 ரூபாய் வித்தியாசம் ஒரு குடும்பத்தை வரவைக்கும்.

குழுவை 14 பேரிலிருந்து 9 ஆக்கினால் அறை, சாப்பாடு, வேன் எல்லாம் குறையும். வருகிற பக்கவாத்தியக்காரர் சம்பளத்தை மட்டும் தொடவே கூடாது. அதைக் கடிதத்தில் தனி வரியாகவே எழுதினோம். அதே பயணத்தில் மறுநாள் கோவையில் இன்னொரு கச்சேரி அமைந்தால் போக்குவரத்துச் செலவு பாதியாகும்.

தேதி மாற்றுவதானால் மே சீசனைத் தவிருங்கள். அறை வாடகை ஏறும், வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸுக்கு (நுழைவு அனுமதி) வரம்பும் வரலாம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு இருந்தது. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும். ஜனவரி பிற்பாதி தோதானது, ஆனால் உறைபனி, ஆகவே மூடிய அரங்கம்தான்.

சாலை ஷரத்தை ‘இயற்கைச் சீற்றம்’ என்று பொத்தாம்பொதுவாக விடாதீர்கள். பாடகர் காரில் வந்துவிடுவார், சவுண்ட் லாரி மேட்டுப்பாளையத்திலேயே நிற்கும். “குன்னூர், கோத்தகிரி இரண்டு பாதையும் நிகழ்ச்சிக்கு 24 மணி நேரம் முன்பு லாரிக்கு மூடியிருந்தால், 120 நாளுக்குள் வேறு தேதி, அட்வான்ஸ் அப்படியே வரவு” என்று எழுதினோம்.

திருத்தக் கடிதத்தில் விட்டுவிடக் கூடாத வரி ஒன்று: “இந்த 4 ஷரத்துகள் மட்டுமே மாறுகின்றன, மற்றவை பழையபடி.” அது இல்லையென்றால் முழு ஒப்பந்தமும் புதிதாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ வந்தாலும் இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். கச்சேரி இரவில் கவுன்டர் மூடியதும் டிக்கெட் அடிக்கட்டைகளை மேனேஜர் முன்னால் எண்ணி, தொகையை எழுதி, குழு வேன் ஏறுவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.