கருவறையில் தொடங்கும் கவனிப்பு

கருவுற்ற பெண் ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருளை உட்கொள்ளும்போது அது நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் அடைகிறது. பிறந்ததும் அந்த வரத்து நின்றுவிடுவதால், பெரும்பாலும் முதல் 3 நாள்களுக்குள் நடுக்கமும் கீச்சென்ற அழுகையும் பால் குடிப்பதில் சிரமமும் தொடங்குகின்றன. சிங்கப்பூரில் சட்டம் கடுமையானது; அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அச்சத்தாலும் குடும்ப மானம் குறித்த கவலையாலும் மருத்துவரை நாடாமல், பழக்கத்தைத் தானாகவே திடீரென நிறுத்த முயலும் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து நேரலாம் என்பதை நம் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருப்பது மிக அவசியம். கர்ப்பிணிகள் அனைவரிடமும் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. பலதுறை மருந்தகங்களில் தாதியர் தமிழிலும் பரிவோடு அவ்வாறு கேட்டால், எந்தப் பெண்ணும் தன்னை மட்டும் சந்தேகிப்பதாகக் கருத மாட்டார்.