டஸ்டருக்குப் புது டயர்

ரெனோ டஸ்டர் கார், ஒன்பது வருடமாக எங்கள் வீட்டு வண்டி. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான், ஊருக்குப் போவதும் அதில்தான். முன்சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். ஆனால் தரை இடைவெளி 205 மி.மீ. இருக்கிறதே!

உயரம் கூட்டும் வேலையே வேண்டாம் என்று விட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காசு முழுக்க டயருக்கே. அதே 215/65 ஆர்16 அளவு, ஆல் டெரைன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஆன டயர்).

அப்புறம் எஞ்சினுக்கு அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு. பட்டறை அண்ணன் வண்டிக்கடியில் படுத்தபடியே சாக்பீஸால் கோடு போட்டு, ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேராக ஓர் ஓட்டை விட்டார். இனி ஆயில் மாற்றத் தகட்டைக் கழற்ற வேண்டாம். என்ன கைநேர்த்தி!

போன வாரம் திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டு ஓரத்துச் செம்மணல் பாதையில் சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் புதையும். இறங்கி, 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருந்த டயர் காற்றை 20-க்குக் குறைத்தேன். டயர் தட்டையாகி மணலில் பரவிப் படிந்தது. மெல்ல, மெல்ல ஏறி வந்துவிட்டது. பின்சீட்டில் அம்மா "முருகா" என்று மூச்சு விட்டார். தார்ச்சாலை வந்ததும் 12 வோல்ட் பம்பில் மறுபடி 32 பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.