கறுப்பு டிஃப்யூசரும் இருமுறை கடக்கும் ஒளியும்

வெளிச்சத்துக்காக விளக்கை அமைத்துவிட்டு அதன்மேல் கறுப்புப் பலகையை மூடுவானேன் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. எல்இடி பட்டைகளைக் கொண்டு சுவரில் மாட்டும் எண்கடிகாரம் ஒன்றைச் செய்யத் தொடங்கும் வரை எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. எல்லோரும் செய்வதுபோல் பால்வெள்ளை அக்ரிலிக் பலகையை முன்னால் பொருத்தினேன். இரவில் அழகாகத்தான் இருந்தது. பகலிலோ சன்னல் வெளிச்சம் பட்டு அது வெறும் வெள்ளைப் பலகையாகிவிட்டது. மணி என்ன என்பதைக் கூர்ந்து பார்த்தே படிக்க வேண்டியிருந்தது. ஒளியைக் கூட்டினால் பகலில் ஓரளவு தெரிந்தது, மாலையில் கண் கூசியது.

பால்வெள்ளைப் பலகை தன்மேல் விழும் அறை வெளிச்சத்தில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எண் எரியும் இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த வெண்மையில் கரைந்துபோகிறது. கறுப்பு டிஃப்யூசர், அதாவது ஒளியைச் சிதறடித்துப் பரப்பும் கறுப்புப் பலகை, இதைச் சரிசெய்யும் விதம் எளிமையானது. விளக்கின் ஒளி பலகையை ஒருமுறைதான் கடக்கிறது; அறையின் ஒளியோ உள்ளே போகையில் ஒருமுறை, பட்டுத் திரும்புகையில் இன்னொருமுறை என இருமுறை கடந்தாக வேண்டும். ஒரு பலகை 30 விழுக்காடு ஒளியைக் கடத்துகிறது என்று கொண்டால், விளக்கின் ஒளியில் 30 விழுக்காடு நம்மை வந்தடையும். அதற்குள் புகுந்து திரும்பும் அறை ஒளி அதிகம் போனால் 9 விழுக்காடுதான். எரியும் இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் உள்ள விகிதம் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளின் முகப்புக் கண்ணாடி சற்றுச் சாம்பல் சாயலோடு செய்யப்பட்டதும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

எழுபது விழுக்காடு ஒளி வீணாகிறதே என்று மனம் பதறும். ஆனால் நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஏறத்தாழ கனமூலக் கணக்கில் உணர்கிறது. ஆகவே 30 விழுக்காடாகக் குறைந்த ஒளி, பார்வைக்கு முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு போலத் தோன்றும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட உற்சாகத்தில் நான் வாங்கி வந்தது தவறான பலகை. ‘ஸ்மோக்டு அக்ரிலிக்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சாயம் கலந்த, ஊடுருவித் தெரியும் பலகையே. அது ஒளியை உறிஞ்சுமே தவிரச் சிதறடிக்காது; குளிர்கண்ணாடி வழியே பார்ப்பதுபோல ஒவ்வொரு எல்இடியும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தது. ஒளியை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் இரண்டு வேறு குணங்கள். பால்வெள்ளையில் சிதறல் மட்டும் உண்டு, ஸ்மோக்டு பலகையில் உறிஞ்சல் மட்டும் உண்டு, கறுப்பு டிஃப்யூசர் என்று சொல்லத் தக்கதில் இரண்டும் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் சோதிப்பது கடினமன்று: அச்சிட்ட தாள் ஒன்றைப் பலகைக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, தாளின்மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் அது டிஃப்யூசர் அன்று.

புள்ளிகள் மறைய வேண்டிய தூரத்தைப் பொறுத்தவரை, எல்இடிகளுக்கு இடையே உள்ள தொலைவுக்குக் குறையாமல் பலகையைத் தள்ளி வைப்பது என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 17 மி.மீ., 144 உள்ளதில் 7 மி.மீ. மட்டுமே. கறுப்புப் பலகை என்றால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தள்ளி வைப்பது நல்லது என்பது என் அனுபவம். காரணம் இதுதான்: பால்வெள்ளைப் பலகை தன்மேல் படும் ஒளியில் ஒரு பகுதியைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி அனுப்ப, அது வெள்ளைச் சுவர்களில் பட்டு மீண்டும் மீண்டும் கலந்து சீராகிறது, கறுப்புப் பலகை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கலப்பதற்கு வாய்ப்புக் குறைகிறது. ‘கறுப்பு போட்டால் புள்ளி தானாக மறைந்துவிடும்’ என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உறிஞ்சல் பளிச்சென்ற இடத்தையும் மங்கலான இடத்தையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும்.

இரண்டு குணங்களும் ஒரே பலகையில் கிடைக்காதபோது இரண்டு அடுக்குகளாக வைக்கலாம். மெல்லிய பால்வெள்ளை அக்ரிலிக்கின் மேல், மேடை விளக்குகளுக்கும் ஒளிப்பதிவுக்கும் பயன்படும் சாம்பல் நிற ஃபில்டர் தாளை ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி. ‘என்.டி.’ என்று அழைக்கப்படும் இந்தத் தாள்கள் அளவு குறிக்கப்பட்டே வருகின்றன: 0.3 என்றால் பாதி ஒளி கடக்கும், 0.6 என்றால் கால் பங்கு, 0.9 என்றால் எட்டில் ஒரு பங்கு. ஊகத்துக்கு இடமில்லை, வேண்டிய அளவு கறுப்பைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். அடுக்கின் வரிசை மட்டும் மாறிவிடக் கூடாது. சாம்பல் தாள் வெளியேயும் பால்வெள்ளை உள்ளேயும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் அறை ஒளி பால்வெள்ளையிலேயே பட்டுத் திரும்பிவிடும். சாம்பல் தாள் விளக்கின் ஒளியைக் குறைப்பதோடு சரி. நான் ஒருமுறை அப்படி ஒட்டிவிட்டு, அரைமணி நேரம் தாளின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு கறுப்பு வரை போகலாம்? இதற்கு ஓர் எல்லை உண்டு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, ஆகவே அதன் மேற்பரப்பிலேயே, நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது. கால் பங்கு ஒளியைக் கடத்தும் அடுக்கில் உள்ளே போய்த் திரும்பும் அறை ஒளி 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கலாம். எட்டில் ஒரு பங்கைக் கடத்துவதில் அது ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அதாவது அந்த நிலையில் மேற்பரப்பின் 4 விழுக்காடுதான் பெரிதாகிவிடுகிறது. அதற்கும் மேல் கறுப்பாக்கினால் விளக்கு மங்குமே ஒழியத் தெளிவு கூடாது. கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிறுத்திக்கொள்வதே போதும் என்பது என் முடிவு.

அந்த 4 விழுக்காட்டைப் பளபளப்பான பரப்பு கண்ணாடிபோல் காட்டும். எதிர்ச் சன்னலும் நம் முகமும் கடிகாரத்தில் தெரியும். மேட் பரப்பு அதைப் பரப்பி, கறுப்பை இலேசான சாம்பலாக மாற்றும். எதிரே சன்னல் இருந்தால் மேட் நல்லது. இல்லாவிட்டால் பளபளப்பே ஆழமான கறுப்பைத் தரும். மேட் கிடைக்கவில்லை என்றால் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே சீராகத் தேய்த்தால் போதும்.

நிறத்தைச் சோதிக்காமல் எந்தப் பலகையையும் வெட்டிவிட வேண்டாம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில சாயங்கள் சிவப்பு ஒளியை மற்றவற்றைவிட அதிகமாகக் கடத்துவதால், அவற்றின் வழியே வெள்ளை விளக்கு செம்பழுப்பாக மாறிவிடும். கரித்தூள் கலந்த பலகைகளிலும் இலேசான பழுப்புச் சாயல் வருவதுண்டு. நிறத்தை மாற்றத்தக்க எல்இடியானால் சிவப்பைச் சற்றுக் குறைத்துச் சரிசெய்யலாம். வெள்ளை மட்டும் தரும் பட்டையில் அந்த வசதி கிடையாது.

பலகை விழுங்கும் ஒளி வெப்பமாகிறது. மீட்டருக்கு 10 வாட் எடுக்கும் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஒளியாக வருவதாகக் கொண்டால், அதில் ஏறத்தாழ 2 வாட் பலகையிலேயே தங்கும். இது பலகையை உருக்கப் போதாது, நீட்டப் போதும். வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் சுமார் 2 மி.மீ. நீளும், சட்டத்தில் அந்த இடத்தை விடாமல் இறுக்கிப் பொருத்தினால் நடுவில் வளைந்துவிடும். அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்றால், அடிபடும் இடத்துக்கும் சூடேறும் இடத்துக்கும் பாலிகார்பனேட். லேசரில் வெட்ட வேண்டுமென்றால் அக்ரிலிக். பாலிகார்பனேட்டை லேசரில் வெட்டினால் விளிம்பு மஞ்சளாகிக் கருகும்.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிட்டியது. பெரும்பாலான கட்டுப்படுத்தத்தக்க எல்இடிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பால்வெள்ளைப் பலகைக்குப் பின்னால் இரவில் கண் கூசாதிருக்க 5, 6 என்ற அடிமட்டப் படிகளில் ஓட்ட வேண்டியிருந்ததால், ஒளி மெல்லக் குறையும்போது ஒவ்வொரு படியும் துள்ளலாகத் தெரிந்தது. கறுப்புப் பலகைக்குப் பின்னால் அதே ஒளிக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்கு உயர்ந்த படியில் ஓட்டலாம். துள்ளல் வெகுவாக அடங்கிவிட்டது.

இப்போது கடிகாரம் அணைந்திருக்கும்போது வெறும் கறுப்புச் சட்டமாகத் தெரிகிறது. படிக்கும் மேசையின் விளக்கில் பால்வெள்ளைப் பலகையை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அங்கே வேண்டியது வெளிச்சம், அதில் முக்கால் பங்கைப் பலகைக்குத் தின்னக் கொடுக்க மனமில்லை.