சென்சரில் கை வைக்குமுன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

ஐட்லிங் ஏறி இறங்குது என்று கார் வந்தால் முதல் பழி, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எயார்ஃபுளோ சென்சரில்தான் விழும். ஸ்கேனர் பி0171 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டும். கலவையில் பெற்றோல் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. விலை கூடிய சாமானை மாற்றியும் எஞ்சின் எச்சரிக்கை லைட் திரும்ப எரிந்தால் வாகனக்காரருக்கு வீண் செலவு.

முதலில் ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் +15, +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் +5க்குக் கிட்ட இறங்கினால், அளவிடப்படாத காற்று எங்கோ உள்ளே போகிறது. ஏற்றும்போது ட்ரிம்மும் கூடினால் பெற்றோல் பம்ப், பெற்றோல் ஃபில்டர், சென்சர் பக்கம் தேடலாம். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை வைத்துப் பெற்றோல் கொடுக்கும் எஞ்சின்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. கசிந்த காற்றும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் ஒழுங்காகவே தெரியும். ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும்.

கசிவைத் தேட, ஓடும் எஞ்சினில் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பதை அடியோடு விடவேண்டும். சூடான எக்ஸோஸ்ட்டில் பட்டால் தீப்பிடிக்கும். குழாய்க்குள் புகை அடித்து, அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, எயார் ஃபில்டர் பெட்டிப் பக்கக் குழாய் வாயை ரப்பர் கூம்பால் அடைத்து அதன் வழியே புகை கொடுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 1 பிஎஸ்ஐ அழுத்தம் தாராளம். ரெகுலேட்டர் இல்லாமல் கம்ப்ரஸர் காற்றை நேரே விட்டால் அது பிசிவி (எஞ்சின் ஆவியை வெளியேற்றும் வழி) ஊடாக எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் போய் ஒயில் சீலைத் தள்ளிவிடும்.

புகை நிரம்ப ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு ரப்பர் குழாயைக் கையால் வளைத்து மடிப்புகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சும்மா கிடக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, எஞ்சின் அசையும்போதுதான் வாய் திறக்கும். டிப்ஸ்டிக், ஒயில் மூடி, பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட் எல்லாம் பார்க்க வேண்டும். சைலன்சர் வழியே புகை வந்தால் பதற வேண்டாம். ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் சற்றுத் திறந்து நிற்கலாம். கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் நின்றுவிடும். கல்லடி போன்ற கடலோரப் பகுதிகளில் கிளிப்புகளையும் கவனியுங்கள். துருப்பிடித்த கிளிப் இறுகியதுபோல் தெரியும், ஆனால் ஹோஸைப் பிடிக்காது.

சம்மாந்துறை, அம்பாறைப் பக்கம் வயல் வெட்டும் காலத்தில் ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) இடையிலுள்ள கசிவுதான் பெரிய ஆபத்து. அறுவடைத் தூசி ஃபில்டரில் படாமல் நேரே சிலிண்டருக்குப் போய் பிஸ்டன் ரிங்குகளைத் தேய்க்கும். ஃபில்டருக்கும் சென்சருக்கும் நடுவே ஓட்டை என்றால் அந்தக் காற்றும் அளக்கப்படுவதால் ட்ரிம்மில் ஒன்றும் தெரியாது. குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் சிலிக்கன் பூசிச் சமாளிக்க வேண்டாம். ஒயில் ஆவியில் அது உரிந்து த்ரொட்டிலுக்குள் போகும். அன்றே குழாயை மாற்றி, ஃபில்டர் பெட்டியின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாகனத்தைக் கொடுக்க வேண்டும்.