இலைகளை ஊதித் தள்ளும் இரைச்சல்: கட்டுப்பாடு எங்கே தொடங்க வேண்டும்?

எங்கள் பேட்டையில் இலை ஊதும் இயந்திரத்தின் இரைச்சலைப் பற்றி, பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு எழுதலாம் என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் பேச்சு எழுந்தது. பெரும்பாலானோர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலை ஒன்பது மணிக்கு முன் அதை இயக்கக் கூடாது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டுப்பாடு கடிகாரத்தில் தொடங்கினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். அது துப்புரவுப் பணிக்கான குத்தகை ஒப்பந்தத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் இதைச் சொன்னபோது நான் ஏதோ சுற்றி வளைப்பதாகச் சிலர் நினைத்துக்கொண்டார்கள். அதனால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் மனைவி தாதி. இரவுப் பணி முடித்து அவள் வீடு திரும்பிக் குளித்துப் படுக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகுதான் இயந்திரம் ஓட வேண்டும் என்று விதித்தால் அவள் கண்ணயரும் நேரம் பார்த்து அது தொடங்கும். பத்தாவது மாடியில் மூன்று மாதக் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு எந்த நேரமும் ஒன்றுதான். டாக்சி ஓட்டுநர்கள், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் முறைப்பணி பார்ப்பவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்வோர் என்று எத்தனையோ வகை மனிதர்கள் ஒரே புளோக்கில் அடுக்கடுக்காக வாழும் ஊர் இது. எல்லாரும் விழித்திருந்து, எல்லாரும் வெளியே போயிருக்கும் நேரம் என்று ஒன்று சிங்கப்பூரில் கிடையாது.

மற்ற சத்தங்களுக்கு நம் ஊர் நேரம் வகுத்திருப்பது உண்மைதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஓடு கொத்துவது, சுவர் இடிப்பது போன்ற இரைச்சல் மிகுந்த புதுப்பிப்பு வேலைகளை வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அறவே கூடாது. குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளங்களில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை வேலை நடக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. அக்கம்பக்கத்து இரைச்சலைப் பற்றி ஆராய 2022ல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, இரவு 10.30 முதல் காலை 7 வரை இருந்த அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. ஆனால் ஓடு கொத்துவதற்கு வேறு வழியில்லை, அதனால் நேரத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும். இலை கூட்டுவதற்கு வேறு வழி இருக்கிறது.

இந்த இயந்திரத்தின் சத்தம் மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் வகைகளில் பெரும்பாலானவை எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் இரண்டு வீச்சு என்ஜினைக் கொண்டவை. அவற்றின் ஒலியில் தாழ்ந்த அலைவரிசைகள் அதிகம். உயர்ந்த சுருதியுள்ள ஒலி சுவரிலும் சன்னல் கண்ணாடியிலும் பெருமளவு அடங்கிவிடும். தாழ்ந்த ஒலியோ தடையை ஊடுருவிக்கொண்டு வரும். சன்னலைச் சாத்தினாலும் அந்த உறுமல் மட்டும் அறைக்குள் நிற்பது இதனால்தான். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது பொதுக் கணக்கு. எதிரெதிரே நிற்கும் இரண்டு புளோக்குகளுக்கு நடுவே அந்தக் கணக்கு எடுபடுவதில்லை. ஒரு சுவரில் பட்டது மறு சுவரில் பட்டுத் திரும்புகிறது, கீழ்த்தளத்தின் தாழ்ந்த கூரை அதை வாங்கி இன்னும் பெரிதாக்கி அனுப்புகிறது. போதாக்குறைக்கு அது ஒரே சீராகவும் ஒலிப்பதில்லை. விசையை அழுத்தினால் அலறுகிறது, விட்டால் முனகுகிறது, முடிந்தது என்று நினைக்கும் நொடியில் மீண்டும் அலறுகிறது. மின்விசிறியின் சத்தம் பழகிவிடுவது போல இது பழகவே பழகாது.

ஒரு நாள் கீழே இறங்கிப்போய் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். சண்டை போட வந்திருக்கிறேன் என்று எண்ணியோ என்னவோ, என்னைக் கண்டதும் அவரே என்ஜினை நிறுத்திவிட்டார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. தோள்பட்டை உறுத்தாமல் இருக்க இயந்திரத்தின் வாருக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார். நீலக் கயிற்றில் கோத்த மஞ்சள் நுரைப் பஞ்சுகள் இரண்டும் காதில் இல்லாமல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஏன் தம்பி, காதில் வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்டேன்.

“வச்சா லாரி பின்னாடி வர்றது கேக்காதுண்ணே. கார் நிறுத்துற எடத்துலதானே பாதி வேலை. காதா, காலான்னு பாத்தா காலுதானே மொதல்ல?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாடியிலிருந்து யாராவது கத்துவார்களா என்று கேட்டதற்கு, “கத்துவாங்க. கேக்காது. கையக் காட்டுறத வச்சுத் தெரிஞ்சுக்குவேன்” என்றார்.

பத்து மாடிக்கு மேலே நமக்கு எரிச்சலாக இருப்பது அவருக்கு முதுகிலேயே இருக்கிறது. பெட்ரோல் இயந்திரங்களில் இயக்குபவரின் காதருகே ஒலி 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். நம் வேலையிடப் பாதுகாப்பு விதிகளின்படி ஓர் ஊழியர் எட்டு மணி நேரத்தில் தாங்கக்கூடிய சராசரி ஒலி 85 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை சிங்கப்பூரின் தொழில்சார் நோய்களில் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருவது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூறு செய்திகளுக்கு மேல் ஓடியும் இந்தக் காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இலைகளை அள்ளத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஓரளவுக்கு வேண்டும்தான். 1963ல் ஃபேரர் சர்க்கஸில் திரு லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரத்தை நட்டுத் தொடங்கிவைத்த பசுமைப் பணி இன்று நாம் நடந்து போகும் பாதைகள் எல்லாவற்றுக்கும் நிழல் தருகிறது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் நாள்தோறும் பொடிப்பொடியாக உதிர்கின்றன. கெத்தாப்பாங் மரம், அதாவது நம் ஊர் நாட்டுவாதுமை, ஆண்டுக்கு இருமுறை செக்கச்செவேலென்று மாறித் தன் இலைகளை மொத்தமாகக் கொட்டுகிறது. உள்ளங்கையை விடப் பெரிய அந்த இலை ஒன்று சுருண்டு கிடந்தால் அதில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். வடிகாலை அடைத்துக்கொண்டால் ஏடிஸ் கொசுவுக்கு வேறு வசதியே தேவையில்லை. 2020ல் மட்டும் 35,000க்கு மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்ட நாட்டில் இதை அலட்சியமாகப் பேச முடியாது.

ஆனால் இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறதா என்று நின்று கவனித்தால் சந்தேகம் வருகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பீறிடும் காற்று, இலையை நடைபாதையிலிருந்து புல்தரைக்குத் தள்ளுகிறது; சில நேரம் வடிகால் பக்கமே தள்ளுகிறது. இலையோடு மண்ணும் தூசியும் கிளம்பி முதல் இரண்டு மாடிகளில் காயும் துணிகள்மீது படிகின்றன. குவித்ததை உடனே அள்ளிப் பையில் கட்டினால் சரி; அள்ளுபவர் வருவதற்குள் காற்று அடித்தால் செய்த வேலை வீண்.

இதே சச்சரவு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. கலிஃபோர்னியாவின் கார்மெல் என்ற சிற்றூர் 1970களிலேயே இவற்றுக்குத் தடை விதித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் குடியிருப்புகளுக்கு 500 அடிக்குள் பெட்ரோல் இயந்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தபோது, 1998ல் தோட்ட வேலை செய்யும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அபராதம் தங்கள் தலையில் விழும், வேலை நேரம் கூடும், கூலி கூடாது என்பது அவர்களுடைய அச்சம். சட்டம் நடப்புக்கு வந்த பிறகும் அதை ஒழுங்காக அமல்படுத்த முடியவில்லை. வாஷிங்டன் நகரம் வேறு வழியில் போனது: 2018ல் சட்டம் இயற்றி, 2022 ஜனவரி முதல் பெட்ரோல் இயந்திரங்களை விற்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்து, இடைப்பட்ட காலத்தை மாறிக்கொள்வதற்கான அவகாசமாக விட்டது. கலிஃபோர்னிய மாநிலம் 2021ல் இத்தகைய சிறிய என்ஜின்களின் புதிய விற்பனையை 2024 முதல் நிறுத்தச் சட்டம் செய்ததோடு, சிறு தோட்டத் தொழில் செய்வோர் மாறிக்கொள்ள 30 மில்லியன் டாலரும் ஒதுக்கியது. அங்கே அரசைத் தூண்டியது சத்தத்தைவிடப் புகை. பெட்ரோல் இலை ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால் வெளியாகும் புகைமூட்ட மாசு, ஒரு டொயோட்டா கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டினால் வெளியாகும் மாசுக்குச் சமம் என்று அம்மாநிலத்தின் காற்றுவள வாரியமே கணக்கிட்டிருந்தது. எரிபொருளின் ஒரு பகுதி எரியாமல் அப்படியே வெளியேறுவது இரண்டு வீச்சு என்ஜினின் கூடப்பிறந்த குறை.

நமக்கு அமெரிக்காவைவிட இது எளிது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு தோட்டக்காரரை அமர்த்துகிறார், ஆயிரக்கணக்கான தனி ஆட்களின் கையில் இயந்திரம் இருக்கிறது, எவரை எங்கே போய்ப் பிடிப்பது? இங்கே மக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வாழும் வீவக பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பவை இருபதுக்கும் குறைவான நகர மன்றங்கள். சாலையோர மரங்களும் பூங்காக்களும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடிகளுக்கு அவரவர் நிர்வாகக் கழகம் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் ஏலக்குத்தகை விட்டுத்தான் நிறுவனங்களை அமர்த்துகிறார்கள். குத்தகை ஆவணத்தில் பெட்ரோல் இயந்திரம் கூடாது, மின்கலத்தில் இயங்குவது மட்டுமே, அதுவும் இத்தனை டெசிபெலுக்கு உட்பட்டது என்று எழுதிவிட்டால் காவல்காரரும் வேண்டாம், புதுக்கோட்டைத் தம்பியை யாரும் படம் பிடித்து இணையத்தில் போடவும் வேண்டாம். ஐம்பது அடி தொலைவில் 65 டெசிபெலுக்கு மேற்போகாத மின்கல இயந்திரங்கள் இப்போதே சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் ஒலி உயர்ந்த சுருதியில் இருப்பதால் சுவரைத் தாண்டுவதற்குள் பெரிதும் தணிந்தும் விடும்.

குத்தகை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே கணக்குப் போட்டார். மின்கலம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்காது; ஓர் ஆளுக்கு மூன்று நான்கு மின்கலங்கள் வேண்டும், அவற்றை மின்னேற்ற இடம் வேண்டும். மழைக்குப் பின் தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஈர இலையை அது அசைக்காது. அப்படியானால் ஈர்க்குமாறு பிடித்துக் கூட்டுங்களேன் என்றேன். கூட்டலாம், ஆனால் இயந்திரம் பிடித்த ஒருவர் முடிக்கும் இடத்துக்கு இன்னும் ஆள் வேண்டும், ஆளுக்கு ஆள் அரசுக்கு வெளிநாட்டு ஊழியர் தீர்வை கட்ட வேண்டும், உள்ளூர்த் துப்புரவாளர்களில் பலருக்கு அறுபது வயதுக்கு மேல், நாள் முழுதும் குனிய அவர்களால் முடியாது என்றார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. பெட்ரோல் இயந்திரம் மலிவாக இருப்பது அதன் உண்மை விலையில் ஒரு பங்கை ஊழியரின் காதும் குடியிருப்பாளரின் தூக்கமும் கட்டுவதால்தான் என்பது மட்டுமே என் பதில். நகர மன்றத்துக்கு நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் மாதத்துக்கு ஓரிரு வெள்ளி கூடினால் நான் கொடுக்கத் தயார். குழுவில் எத்தனை பேர் தயார் என்று கேட்டபோது மட்டும் வாட்ஸ்அப் சற்று அமைதியாகிவிட்டது.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது: எல்லா இலையையும் அள்ளாமல் இருப்பது. நடைபாதை, படிக்கட்டு, வடிகால், விளையாட்டிடம் ஆகியவை சுத்தமாக இருக்க வேண்டும். மரத்தடிப் புல்தரையில் விழுந்த சிற்றிலை மக்கி அந்த மரத்துக்கே உரமாகும்; அதை ஏன் ஊதித் துரத்த வேண்டும்? 2020ல் கொவிட் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் புல் வெட்டாமல் விட்டபோது சாலையோரங்களில் காட்டுப்பூ பூத்தது, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, அப்படியே இருக்கட்டுமே என்று கேட்டவர்களும் பலர். பளிங்குபோல் துடைத்த தரைதான் அழகு என்ற நம் எதிர்பார்ப்பும் இந்த இரைச்சலின் ஒரு பகுதி. பெரிய இலை கொட்டும் கெத்தாப்பாங் மரங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. கொசுவை நினைத்து அவற்றை அள்ளத்தான் வேண்டும்.

எனவே நகர மன்றத்துக்கு எழுதும் கடிதத்தில் ஒன்பது மணி என்பதோடு நிறுத்தாமல், அடுத்த குத்தகையிலிருந்து பெட்ரோல் இயந்திரங்களை விலக்குமாறும், கீழ்த்தளத்திலும் எதிரெதிர் புளோக்குகளுக்கு இடையிலும் ஈர்க்குமாறையே பயன்படுத்துமாறும், கார் நிறுத்துமிடத்தில் வேலை செய்பவருக்குக் காதுப் பாதுகாப்புடன் துணைக்கு ஓர் ஆளையும் கொடுக்குமாறும் கேட்டிருக்கிறேன். கையெழுத்திடும் முன் என் மனைவி படித்துப் பார்த்து ஒரு வரி சேர்த்தாள்: மின்கலம் தீர்ந்து வேலை தாமதமானால் அதற்காக ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது.